பதினேழாம் எண் கிணறு

அவர் போகிற இடங்களிலெல்லாம் அவருக்குப் பாட்டில்காரர் என்று பெயர். அடையாள அட்டையில் மாதிரி சேகரிப்பாளர் என்று இருக்கும். பதினான்கு ஆண்டுகளாக ஒரே சுற்று. இருபத்திரண்டு கிணறு, இரண்டு வாய்க்கால், ஆறு வயல். வயலில் பதினைந்து இடத்தில் துளையிட்டு மண் எடுப்பார். வாளியில் போட்டுக் கலந்து, அதில் ஒரு பிடியைப் பையில் கட்டுவார். தண்ணீர் என்றால் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைப்பார். களைக்கொல்லி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஆய்வகத்தில் இயந்திரம் சொல்லும். அவர் எடுத்து வருவதோடு சரி.

மனைவி இறந்து பதினொன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த மாதச் சுற்றில் ஒரு கிணறுகூட விடுபடவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "ம்" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பதினேழாம் எண் அவருடைய தங்கை வீட்டுக் கிணறு. அதை முதலிலேயே அதிகாரியிடம் சொல்லியிருந்தார். "அதனால என்ன? தண்ணிக்கு அண்ணன் தங்கச்சி தெரியுமா?" என்று அதிகாரி விட்டுவிட்டார். அந்த வீட்டில் ஐந்து பேர் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சுற்றிலும் அவர்களுடைய சோளக்காடு. போன மாதம் முதல்முறையாக அளவு வரம்பைத் தாண்டியது. அடுத்தடுத்து இரண்டு மாதம் தாண்டினால் கிணற்றை மூடி, அரசாங்கச் செலவில் குழாய்த் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும்.

மைத்துனர் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை.

"புல்லுக்கு அடிச்சது கிணத்துக்கு எப்படி மச்சான் போகும்? அதுக்குக் காலா இருக்கு?"

"மழை பெய்யுதில்ல?"

"மழை என் காட்டுல மட்டுமா பெய்யுது? பக்கத்துக்காட்டுக்காரன் கிணத்த விட்டுட்டு எங்கிட்டயே வந்து நில்லுங்க. பொண்ணு குடுத்த எடம்ல, உரிமை!"

இவர் கயிற்றை இறக்கினார்.

ஒவ்வொரு சுற்றிலும் பிளாங்க் என்று ஒரு பாட்டில் கூடவே போகும். ஆய்வகத்திலேயே சுத்தத் தண்ணீர் நிரப்பித் தருவார்கள். ஏதாவது ஓர் இடத்தில் அதைத் திறந்து, இன்னொரு பாட்டிலுக்கு மாற்றி மூட வேண்டும். அதில் மருந்து தெரிந்தால் அது கிணற்றிலிருந்து வந்ததல்ல, எடுத்தவர் கையிலிருந்து வந்தது என்று பொருள். அன்றைய பெட்டி முழுவதும் செல்லாது. எங்கே திறப்பது என்பது அவர் விருப்பம். அந்த மாதம் பதினேழாம் எண் கிணற்றடியில் திறந்தார். தங்கை கிணறு என்று நாளைக்கு யாரும் நாக்குமேல் பல் போட்டுப் பேசக் கூடாது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தங்கை கூப்பிட்டிருந்தாள்.

"அண்ணே, இந்தக் கேனக் கொஞ்சம் கொட்டாயில வச்சிடுறியா? பொறவாசல்லயே போட்டுட்டுப் போயிட்டாரு. கோழி மிதிக்குது."

தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். களைக்கொல்லிக் கேன், காலிதான். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். பிறகு புதுக் கையுறையை எடுத்தார். கையுறையை மணிக்கட்டுப் பக்கம் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவர்தான் அதைச் சொல்லித் தருவார். விரல் பக்கம் தொட்டால் கையில் இருப்பது பாட்டிலுக்குப் போய்விடும். அன்று விரல் பக்கம் பிடித்து இழுத்தார்.

ஒன்பது நாள் கழித்து இயந்திரத்தைப் பார்க்கிற கெமிஸ்ட் அம்மா அவரை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அண்ணே, பதினேழு வரம்புக்கு மேல இருக்கு."

"ம்."

"பிளாங்க்லயும் இருக்கு."

அவர் திரையைப் பார்த்தார். தட்டையாக ஓடிய கோடு ஓரிடத்தில் சின்னதாக எழும்பி இறங்கியிருந்தது.

"கிணத்துல இருக்கறது இதவிட நாலு மடங்கு. கிணறு கெட்டுத்தான் போயிருக்கு. எனக்கும் தெரியுது, உங்களுக்கும் தெரியுது. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே." குரலைத் தாழ்த்தினார். "பிளாங்க் வழியில உடைஞ்சிருச்சுன்னு எழுதினா, குறிப்போட ரிசல்ட் நிக்கும். இன்னும் யாருக்கும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

வெளியே யாரோ தட்டுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார்.

"உடையல மேடம்."

"தங்கச்சி வீடுண்ணே."

"கேன் தூக்கினேன். கையுறைய மாத்திப் பிடிச்சிட்டேன். அப்படியே எழுதிடுங்க."

காரணப் படிவத்தை அவரே நிரப்பினார். சேகரிப்பாளரின் தவறு என்ற கட்டத்தில் டிக் போட்டார். வண்டி ஓட்டுகிறவர் திரும்பும்போது, "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதையாயிடுச்சேண்ணே" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். இவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மறுபடி எடுப்பதற்குள் நான்கு நாள் மழை பிடித்துக்கொண்டது. கிணறு பாதிக்குமேல் ஏறியிருந்தது. இந்த முறை மணிக்கட்டுப் பக்கம் பிடித்தார். பிளாங்க் சுத்தமாக வந்தது. பதினேழும் வரம்புக்குள் வந்துவிட்டது. இரண்டு மாதக் கணக்கு அறுந்தது. இனி தாண்டினால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அறிக்கையை அவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். மைத்துனர் வாங்கி வாசலில் நின்றே படித்தார்.

"குடிக்க உகந்ததுன்னு போட்டிருக்கு! நான் சொன்னப்ப கேட்டீங்களா மச்சான்? காலே இல்லாதத ஓட விட்டீங்களே."

"மழைத் தண்ணி கலந்து குறைஞ்சிருக்கு. மறுபடி ஏறும்," என்றார் இவர். பிறகு தங்கையைப் பார்த்து, "நீ இதக் குடிக்காத. கொதிக்க வச்சாலும் போகாது. பெரிய ரோட்டுக் குழாய்ல பிடிச்சுக்க," என்றார்.

"ஒண்ணரை மைலு யாருண்ணே தூக்கறது? இவரு தூக்குவாரா?" தங்கை தாளைக் கணவனிடமிருந்து வாங்கினாள். கீழே சேகரிப்பாளர் என்ற இடத்தில் விரல் வைத்தாள். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"நல்ல தண்ணின்னு நீதானே போட்டுக் குடுத்திருக்க?"

"ஆமா."

"அப்பறம் ஏன் பயமுறுத்தற?" தாளை நாலாக மடித்து உள்ளே கொண்டுபோனாள். குடத்தில் செம்பு இடிக்கிற சத்தம் கேட்டது. யாருக்கோ தண்ணீர் மொண்டாள்.

அவர் வண்டிக்குப் போனார். அடுத்து எங்கே என்று ஓட்டுநர் கேட்டார். பதினெட்டு என்றார் இவர்.