மீனுக்குக் கட்டிய மாலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்து மலேசியாவில் கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் பூ வியாபாரம் சற்று ஓய்ந்திருந்த வாரம் அது. அங்கே கடைவரிசையின் நடைபாதையில் எனக்கு ஒரு பூக்கடை. மாலை, சரம், கல்யாண ஜடை எல்லாம் என் கையாலேயே கட்டுவேன். நான் கட்டிய மாலையை வேறு யாரோ கட்டியது என்று சொன்னால் சண்டைக்கே போவேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்கப் போவதில்லை.

ஒரு நாள் காலை என் கணவரின் தம்பி கடைக்கு முன்னால் காரை நிறுத்திப் பின்கதவைத் திறந்தான். உள்ளே வளைந்து நெளிந்த பெரிய மரக்கிளை ஒன்று. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

துறைமுகத்தில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்தவன் அவன். மீன் விற்கவில்லை. மீன்தொட்டிக்குள் வளரும் செடிகளை விற்கிறான், கிளினிக், சாப்பாட்டுக் கடை என்று போய்த் தொட்டி அமைத்தும் கொடுக்கிறான். குடும்பத்தில் அவனுக்கு 'மீனுக்குப் புல் விற்கிறவன்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவளே நான்தான்.

தாய்லாந்தில் ஒரு பண்ணை இவனுக்குச் செடிகளை மரக்கட்டையிலேயே கட்டி, வேர் பிடிக்க வைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. தொட்டியில் இறக்கி வைத்தால் வேலை முடிந்தது. திடீரென்று இறக்குமதி விதி மாறிவிட்டது. இனிமேல் கட்டையோடு செடி வரக்கூடாதாம். மண், பஞ்சு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதாம். வேரைக் கழுவிய வெறும் செடிதான் வர வேண்டும், அதுவும் சான்றிதழோடு. இந்தப் பெட்டியும் விமான நிலையத்தில் சோதனைக்காகக் காத்துக்கிடந்து அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என் மல்லிகையும் இந்தியாவிலிருந்து விமானத்தில்தான் வருகிறது, அதற்கு இந்தப் பாடு இல்லையே என்றேன்.

"ஒங்க பூ சாயங்காலம் வாடிப் போயிடும் அண்ணி. இது இங்கயே உசுரோட இருக்கப் போறது. கட்டைக்குள்ள புழு, மண்ணுல நத்தை முட்டைன்னு எது வந்தாலும் இதோட சேந்து அதுவும் வளரும். அவங்க செக் பண்றது நியாயந்தான். ஆனா எனக்கு இப்பக் கட்டத் தெரியலயே" என்றான்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரம்மா புது கிளினிக் திறக்கிறார். வாசலிலேயே பெரிய தொட்டி, அதன் நடுவே செடி போர்த்திய ஒரு கிளை வேண்டும் என்று படம் காட்டிக் கேட்டிருக்கிறார். திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் குறித்தாயிற்று, இனி நாள் நகராது. பிடித்திருந்தால் அவருடைய மற்ற இரண்டு கிளினிக்குகளும் இவனுக்குத்தான்.

"ரெண்டு நாளா நானே கட்டிப் பாத்தேன். எல்லாம் கழண்டு விழுது. பசை போட்டா தண்ணிக்குள்ள வெள்ளை வெள்ளையாத் தெரியுது. இந்த வேலை போச்சுன்னா கடையக் காலி பண்ணிட்டுத் திரும்ப போர்ட்டுக்கே போயிடுறேன் அண்ணி."

இதற்கா இவ்வளவு கவலை என்று நூலை எடுத்தேன். பெட்டியில் இருந்தது அனுபியாஸ் என்ற செடி. குட்டி வெற்றிலை போல இலை, விரல் போலத் தடித்த தண்டு, கீழே வேர். பருத்தி நூல்தான் வேண்டும், வேர் கிளையைப் பிடித்த பிறகு அது தானாக இற்றுப்போகும் என்று அவன் சொன்னது ஒன்றுதான் என் காதில் ஏறியது. மற்றதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன. மல்லிகைக் காம்பை அழுத்துவது போலத் தண்டை அழுத்தி, சுருக்குப் போட்டு இறுக்கிக்கொண்டே போனேன். அந்த வழியாக வந்த ஓர் ஆன்டி நின்று பார்த்தார்.

"இது எந்தச் சாமிக்கும்மா?"

"மீனுக்கு ஆன்டி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அரை முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனார். கட்டி முடித்ததும் கிளையைக் கவிழ்த்து உலுக்கிக் காட்டினேன். ஓர் இலைகூட அசையவில்லை. தாய்லாந்துக்காரன் வந்து என்னிடம் கற்றுக்கொண்டு போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

சில நாள் கழித்து, என் கைவேலையைப் பார்க்கும் ஆசையில் அவனுக்குத் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறினேன். கடைக்குள் கால் வைத்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. அழுகல் வாடை பூக்காரிக்குத் தெரியாதா? தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கிளையைத் தொட்டுப் பார்த்தேன். நான் சுருக்குப் போட்ட இடத்திலெல்லாம் தண்டு கூழாகியிருந்தது. அவனுக்கு முந்தின நாளே தெரிந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை.

"பரவால்ல அண்ணி. நீங்க நல்லாத்தான் கட்டுனீங்க" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் 'பரவால்ல' என்னைக் கொன்றது. புதுச் செடி வரவழைக்கலாம் என்றால் மறுபடி அனுமதி வாங்கி, சோதனை முடிந்து வருவதற்குள் திறப்பு விழாவே முடிந்துவிடும்.

எனக்கு வைராக்கியம் வந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். மல்லிகை பறித்த பூ, அதன் காம்பை நசுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தச் செடிக்கு உயிர் ஓடுவதே அந்தத் தண்டில்தான். பாதிச் செடி குப்பைக்குப் போனது. மீதிப் பாதிக்குக் கல்யாண ஜடை தைக்கிற முறையை எடுத்துக்கொண்டேன். பூவின் மேல் நூல் படாமல் அடியிலேயே பிடிக்கிற வேலை அது. அதே போல வேரின் மேல் மட்டும் நூலை ஓட்டி, தண்டைச் சும்மா விட்டேன்.

சரி, பாதிச் செடியை வைத்து முழுக் கிளையை எப்படி மூடுவது? பூ விலை எகிறும் நாளில் பூக்காரிகள் செய்கிற ஒரு வேலை உண்டு. வெளியே சொன்னால் என் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். இடைவெளி விட்டுக் கட்டி, ஒவ்வொரு பூவின் முகத்தையும் பார்ப்பவர் பக்கம் திருப்பிவிடுவோம். முதுகுப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதையே செய்தேன். எங்கிருந்து வெளிச்சம் விழும், நோயாளிகள் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிக் கொழுந்தன் கிளையைத் திருப்பிக் கொடுத்தான். தண்ணீரும் வெளிச்சமும் அவன் படித்த பாடம், அதில் நான் வாய் திறக்கவில்லை.

திறப்பு விழாவன்று டாக்டரம்மா தொட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"நான் காட்டுன படத்துல இதவிட நெறையா இருந்துச்சே."

கூடப் போயிருந்த நான் கொழுந்தனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "எடம் விட்டுக் கட்டிருக்கோம் டாக்டர். இது வளரணும்ல."

அவர் யோசித்துவிட்டு, "ஓகே லா. வளரட்டும், அப்புறம் மத்த ரெண்டு கிளினிக்கப் பத்திப் பேசலாம்" என்றார். அவ்வளவுதான். கடை பிழைக்குமா இல்லையா என்பது அந்தச் செடிகளின் கையில் போய்விட்டது.

அனுபியாஸ் ஆமை போல வளர்கிற ஜாதி. நானும் பூ விற்கிற மும்முரத்தில் அதை மறந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துக் கடைவாய்ப்பல் வலி தாங்காமல் அதே கிளினிக்குக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் திரும்பப் பார்த்தேன். கிளையே தெரியவில்லை. நான் விட்ட இடைவெளி ஒவ்வொன்றிலும் புது இலை ஏறியிருந்தது. காலியாக விட்ட முதுகுப் பக்கம்கூடப் பச்சை போர்த்தியிருந்தது. கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து என் நூலைத் தேடினேன். ஓர் இழைகூட இல்லை, எல்லாம் கரைந்துபோய் வேர்கள் கிளையைக் கவ்விப் பிடித்திருந்தன. டாக்டரம்மா பின்னால் வந்து நின்றார்.

"ஒங்க கொழுந்தன்கிட்ட நேத்தே பேசிட்டேன். ரெண்டு கிளினிக்கும் அவருக்குத்தான். இதக் கட்டுனது நீங்கதான்னு அவர் சொன்னாரு. அங்கயும் கட்டறது நீங்கதான்னு சொல்லிட்டேன்."

அன்றைக்குப் பல்லைப் பிடுங்கியதுகூட எனக்கு வலிக்கவில்லை. இப்போது பெட்டியில் வெறும் செடி வந்தால் கொழுந்தன் கலங்குவதில்லை, நேராகக் கிள்ளானுக்கு வண்டியைத் திருப்புகிறான். 'மீனுக்குப் புல் விற்கிறவன்' என்று யாராவது கிண்டல் செய்தால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான்.

காலையில் கட்டியது இரவுக்குள் வாடிவிடும், அதுதான் என் தொழில் என்று இத்தனை வருடம் இருந்தேன். என் நூல் கரைந்த பிறகும் நான் கட்டியது ஒன்று நின்று வளர்கிறது என்ற நினைப்பு, இன்றும் முதல் முடிச்சைப் போடும்போது என் முதுகை நிமிர்த்துகிறது.