பெமாவின் முதுகில் அப்பா

கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று, நாடுவிட்டு வந்து வெக்ஸ்போர்டில் நாங்கள் இருக்கும் பில்டிங்கின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. வீடோ எட்டாம் மாடியில். திகைத்து நின்றபோது பக்கத்து வீட்டுப் பெமா வந்தாள். நேபாளத்தின் மஸ்டாங் மாவட்டத்துக்காரி.

"முதுகில ஏறுங்கோ, அங்கிள்" என்றாள் ஆங்கிலத்தில்.

"பொம்பிளைப் பிள்ளையின்ர முதுகிலயோ? வேண்டாம்!" என்று அப்பா பதறினார்.

அவள் கேட்கவில்லை. சால்வையால் அவரைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, மலைச் சுமைகாரர் போல அதன் வளையத்தை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். ஏறியபடியே ஊர்க்கதையும் சொன்னாள். மரங்களே அரிதான உயரமாம். அவளுடைய முன்னோர் திபெத்து உப்பை மலை தாண்டிச் சுமந்து விற்றார்களாம். இப்போது அப்பிள் வளர்ப்பதும் சுற்றுலாக்காரரின் பைகளைச் சுமப்பதும்தான் பிழைப்பாம்.

வெறுங்கையோடு பின்னால் ஏறிய எனக்கு ஐந்தாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. "கொஞ்சம் இளைப்பாறுவமே?" என்று கேட்டேன்.

"எங்கட ஊரில காத்துக் குறைவு. இஞ்ச எவ்வளவு காத்து!" என்றவள் நிற்கவேயில்லை.

வீட்டில் கதிரையில் இருத்தியதும் அப்பா அவள் கையைப் பிடித்தார். "என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது மலையெல்லோ!" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மஸ்டாங்கை நான் கண்டதில்லை. அந்த உயரத்தில் மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை மட்டும் அன்று எங்கள் படிக்கட்டில் கண்டேன்.