ஒத்திலியா நெய்த பாதி

நெசவாளர் ஊரான தெயோதித்லானில் ஒத்திலியா நூற்ற கம்பளி நூலைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே அடையாளம் சொல்லிவிடுவார்கள். கள்ளிச்செடியின் செம்பூச்சியை அரைத்து அவள் காய்ச்சும் சிவப்புக்கு ஊரில் ஈடு கிடையாது. தறியில் மட்டும் அவள் ஏறியதில்லை. நின்று மிதித்து நெய்கிற பெரிய தறி அப்போதெல்லாம் ஆண்களுடையது. இருபது வருடம் கணவன் ஃபிதென்சியோ நெய்தான், அவள் நூல் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அவன் கைபோகும் போக்கை ஒன்றுவிடாமல் பார்த்தும் வந்தாள்.

அந்த வருடம் ஜூலைத் திருவிழாவுக்கு, கோயில் பீடத்தின் முன் விரிக்கப் பெரிய கம்பளம் கேட்டிருந்தார்கள். தறியின் அகலம் போதாது. இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைக்கவேண்டும். படிக்கட்டுக் கோலம் தையலில் பிசகாமல் கூடவேண்டும். முதல் பாதியை அறுத்து இறக்கிய மறுநாள், சந்தையிலிருந்து திரும்பிய ஆட்டோ பள்ளத்தில் கவிழ்ந்து ஃபிதென்சியோவின் வலது மணிக்கட்டு முறிந்தது. திருவிழாவுக்கு முப்பத்து மூன்று நாள்தான் இருந்தது.

கொழுந்தன் ப்ரோகோரோ ஓடி வந்தான்.

"அண்ணி, கவலைய விடுங்க. மிச்சத்த நான் நெய்ஞ்சு தரேன்."

"நீ அடிக்கிற அடிக்கு ஊடை நூல் எறுகாமத் தொளதொளன்னு தூங்கிடும் தம்பி. உன் அண்ணன் பாதியோட சேராது."

"பின்ன யாரு நெய்யிறது?"

"நாந்தான்."

ப்ரோகோரோ சிரித்துவிட்டான். "மிதிகட்டை ஆம்பளக் காலக் கேக்கும் அண்ணி."

"மீச இருக்கான்னு பாத்தா கட்டை எறங்குது?"

கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த ஃபிதென்சியோ, "விடுடா, அவ முடிவு பண்ணிட்டா," என்றான்.

கணவன் பாதியின் மேல் ஒரு நாணலை வைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு கீறல் போட்டு அளவெடுத்துக்கொண்டாள். முதல் படி முடிந்ததும் வைத்துப் பார்த்தால் இரண்டு விரல் குட்டை. குறுக்கே ஓடும் ஊடை நூலை அவள் அடிக்கும் அடி அவனுடையதைவிட இறுக்கம்.

"கொஞ்சம் தளத்தி அடியேன்," என்றான் ஃபிதென்சியோ.

"தளத்தமாட்டேன். படிக்குப் படி ஊடையக் கூட்டிக்கிறேன்."

நெய்ததைப் பிரித்தாள், மறுபடி தொடங்கினாள். நூல் கூடுதலாகச் செலவானது. ஒரே பானையில் காய்ச்சிய சிவப்பு மிச்சமிருந்ததால் நிறம் மாறவில்லை. முதல் வாரம் கணுக்கால் வீங்கி, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மூன்றாவது வாரம் மிதிகட்டையில் கால் தானாக நடந்தது. முப்பதாம் நாள் பாதியை அறுத்து இறக்கினாள். முற்றத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். படியோடு படி பொருந்தியது. அவளே உட்கார்ந்து தைத்தாள்.

ஒரு பாதியை ஒத்திலியா நெய்தாள் என்று கேள்விப்பட்டுத் திருவிழாப் பொறுப்பாளர் எர்மெலிந்தோ வந்தார். கம்பளத்தைப் புரட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒரு பாதியைத் தட்டினார்.

"இதுதான் ஃபிதென்சியோ கை. என்னா இறுக்கம்! அந்தப் பக்கமும் பரவால்லம்மா, பழகப் பழக வந்துடும்."

ஃபிதென்சியோ கட்டுக் கை குலுங்கச் சிரித்தான். "மாமா, நீங்க பரவால்லன்னது என்னுத!"

எர்மெலிந்தோ மறுபடி குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, ஒத்திலியாவைப் பார்த்துத் தலையசைத்தார். ப்ரோகோரோ குனிந்து கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினான்.

முறிந்த கை கூடியதும் ஃபிதென்சியோ முதலில் செய்த வேலை, தச்சனைக் கூட்டிவந்து இரண்டாவது தறி போட்டது. மறுவருடம் கம்பளம் கேட்டுக் கோயிலிலிருந்து ஆள் வந்தபோது அவன் உள்ளே கை காட்டி, "தறிக்காரிகிட்டயே கேளுங்க," என்றான்.