கோபுரத்துக்கு முன்னால் ஒரு பனை

ஒருவரைப் படம் எடுத்துக் காட்டினால் அவர் முதலில் தன் முகத்தைத்தான் தேடுவார் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பயணப் படங்கள் எடுப்பது என் தொழில். மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம் கமராத் திரையைக் காட்டியபோது "ஐயோ, என் பல்லு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் தன் மீசையை மட்டும் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, நெடுநேரம் ரசித்துக்கொண்டு நின்றார். ஆனால் என் சொந்த ஊர்ப்பக்கம், மட்டக்களப்பு வாவியைச் சுற்றி, இந்த நம்பிக்கை எடுபடவில்லை. எங்கள் ஆட்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இதை முதலில் கவனித்தது ஓட்டமாவடியில். ஒரு துணிக்கடைக்காரர் காலையில் கடைக் கதவைத் தூக்கும்போது எடுத்த படம். வெயில் சாய்வாக விழுந்து அவர் முகத்தில் பாதியும் துணிச் சுருள்களில் பாதியுமாக நின்றது. அந்த வெளிச்சத்துக்காக மூன்று நாள் காத்திருந்தேன். ஒரு கிழமை கழித்துப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தங்கச்சி, பின்னுக்குப் போறது பொலன்னறுவ பஸ்தானே? மொத பஸ். அது போற நேரத்தில நான் கடை தொறக்கிறல்ல."

"அண்டைக்குத் தொறந்தீங்க காக்கா. நான்தானே எடுத்தன்." அங்கே அண்ணனைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்ப பஸ்தான் பிந்திப் போயிரிக்கு" என்று படத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கே நாலைந்து பேர் கூடி, பஸ் ஏன் பிந்தியது என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். அவருடைய முகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீ கிடைத்தது.

அடுத்தது மண்டூர். அங்கே போக வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான படகை நாங்கள் 'பாதை' என்போம். பாதையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் வயல்கள் தொடங்கிவிடும். பச்சை முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு வயல் வட்டையில், தன் வயலின் நடுவே நின்ற ஒரு அக்காவைப் படம் எடுத்தேன். கமராத் திரையைக் காட்டியதும் அதை என் கையிலிருந்தே வாங்கிவிட்டார்.

"இந்த வரம்ப ஆரு வெட்டின?"

படத்தின் மூலையில், அவருடைய வயல் வரம்பில் ஒரு சின்ன வெட்டு. அவருடைய தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கமராவை என் கையில் திணித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, மண்வெட்டியோடு நடந்தார். படத்தில் அவர் எவ்வளவு அழகாக இருந்தார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு எரிச்சல் போய், ஒருவர் படத்தை எப்படிப் படிக்கிறார் என்று அறியும் ஆசை பிடித்துக்கொண்டது. யாருக்குப் படம் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல், கண் முதலில் எங்கே போகிறது, விரல் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அந்த ஆசைதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

எங்கள் வீடு கல்லடியில், வாவிப் பக்கமாக இருக்கிறது. எங்கள் குறுகிய ஒழுங்கை வாவியில் முடியும் இடத்தில் தோணியைக் கட்டிவைக்கும் ஒருவர், வீச்சு வலையோடு தனியாகத் தொழிலுக்குப் போவார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு. மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பும் நாட்களிலும் அவருடைய தோணியில் கொடுவா மீன் கிடக்கும். என்ன சூட்சுமம் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. மூன்று மாதம் அவரை நச்சரித்தேன். ஒரு நாள் விடியற்காலை, "ஏறுங்க தங்கச்சி. கதைக்கப்படாது" என்றார்.

தோணியில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்றுதான். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கம்பை ஊன்றித் தள்ளுவார், தூரத்துக் கரையைப் பார்ப்பார், தலையைத் திருப்பி மற்றக் கரையைப் பார்ப்பார், மறுபடி ஒரு தள்ளு. ஓரிடத்தில் நிறுத்தி, எழுந்து, வலையை வீசினார். வலை முழு வட்டமாக விரிந்த நேரம் பார்த்துச் சூரியன் அதன் கண்களுக்குள்ளால் வந்தது. இரண்டு கரைகளையும் ஒன்றாகப் பிடிக்கும் அகல லென்ஸை அன்று மாட்டியிருந்தேன். அழுத்தும்போதே தெரிந்துவிட்டது. அப்படி ஒரு படம் எனக்கு இரண்டு வருடத்தில் ஒன்று கிடைத்தால் பெரிய காரியம்.

கொழும்பில் ஒரு பயணச் சஞ்சிகைக்குப் படத்தின் சிறிய பிரதி ஒன்றை அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது, அட்டைப்படம் என்று. தலைகால் புரியாமல் அடுப்படிக்கு ஓடி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கறி அடிப்பிடிக்குது, பாரு" என்றார். அதுவும் அன்று எனக்கு இனிமையாகத்தான் கேட்டது.

படத்தை அச்சிட்டு, நல்ல உறையில் போட்டு, தோணிக்காரரிடம் கொண்டுபோனேன். பூவரச மரத்தடியில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். கையில் கொடுத்துவிட்டு, கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். அவருடைய மார்பையும் வலையையும் வெளிச்சத்தையும் தாண்டி நேரே பின்னால் போனது. அக்கரையில் ஒரு கோயில் கோபுரம், அதற்கு முன்னால் ஒற்றைப் பனை. விரல் அந்தப் பனையைத் தொட்டது. பிறகு படத்தின் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு பள்ளிவாசல் மினாராவும் தொலைபேசிக் கோபுரமும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைக் கவிழ்த்து வலையின்மேல் வைத்தார்.

"இத ஆருக்கெல்லாம் காட்டின நீங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த இடத்தில், தண்ணீருக்கு அடியில், வேரோடு ஒரு மரம் கிடக்கிறது. எப்போதோ ஒரு வெள்ளத்தில் வந்து புதைந்தது. வேருக்குள் மீன் நிற்கும். ஒரு பாகம், ஆறடிதான், இந்தப் பக்கம் வீசினால் கொடுவா. ஒரு பாகம் அந்தப் பக்கம் போனால் வலை மரத்தில் மாட்டிக் கிழிந்துவிடும். சரியான இடத்தைப் பிடிக்க இரண்டு குறி வேண்டும். பனை கோபுரத்தின் நட்டநடுவில் நிற்க வேண்டும். அதே நேரம் மினாரா தொலைபேசிக் கோபுரத்தோடு ஒட்ட வேண்டும்.

"உங்கட படத்தில ரெண்டும் இரிக்கு தங்கச்சி. வாவியில தொழில் செய்யிற ஆரும் ஒருக்காப் பார்த்தாப் போதும். ரெண்டு நாளில அதில பத்துத் தோணி நிக்கும். அந்த மரத்தாலதான் எங்கட வீட்டில அடுப்பு எரியுது."

நான் விடவில்லை. கொழும்புச் சஞ்சிகையை இங்கே யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "கடையில அந்தத் தாளிலதான் கச்சான் கடலை சுத்திக் குடுப்பாங்க. அதுக்கு முதல் எவனாவது போனில போடுவான்" என்றார். பனையையும் மினாராவையும் வெட்டிவிடுகிறேன் என்றேன். அதையும் அங்கேயே, பையிலிருந்த மடிக்கணினியில் செய்து பார்த்தேன். மிஞ்சியது ஒரு ஆளும் ஒரு வலையும். அந்தப் படத்தை எந்த ஊரிலும் எடுக்கலாம். கோபத்தில், "மூண்டு மாசம் காத்திருந்தன் அண்ணன்" என்று சத்தம் போட்டேன்.

"நம்பித்தானே ஏத்தின" என்றார். "அழிச்சுப்போடுங்க."

"ஓம் அண்ணன். அழிச்சுப்போடுறன்."

சஞ்சிகைக்கு, மூலப்படம் பழுதாகிவிட்டது என்று எழுதினேன். அட்டையில் ஒரு யானையைப் போட்டார்கள். அந்த யானையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் படத்தை நான் அழிக்கவில்லை. கை வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் 'கலியாணம்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள் ஒளித்துவைத்தேன். அடுத்தவர் கலியாணப் படத்தை யாரும் தாமாகத் திறந்து பார்ப்பதில்லை. ஒழுங்கையில் கண்டால் அவர், "அழிச்சாச்சா?" என்பார். "அண்டைக்கே" என்பேன். வீட்டுக்காரரிடமும் அதே பொய்தான். அடிக்கடி அதைத் திறந்து பார்ப்பேன். வலையையும் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு மூடுவேன். இவ்வளவு சரளமாக என்னால் பொய் சொல்ல முடியும் என்பது எனக்கே புதிது.

மாரி முடிந்த பிறகு ஒரு காலை, அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. தோளில் கிழிந்த வலை. என் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் கொடுத்த பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றிக் கதைத்தார், பாலத்தடி நெரிசலைப் பற்றிக் கதைத்தார். பிறகு சொன்னார்.

"பனைய வெட்டிட்டாங்க."

காணிக்காரர் கட்டாரிலிருந்து வந்து மதில் கட்டுகிறாராம். கோபுரம் நிற்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒத்துப் பார்க்க ஒன்றுமில்லை. மினாராக் குறியை மட்டும் பிடித்துக்கொண்டு தேடியதில் வலை இரண்டு தடவை கிழிந்துவிட்டது. கம்பால் குத்திக் குத்தித் தேடலாம்தான். ஆனால் அவர் தேடுவதைக் கண்டு இரண்டு தோணிகள் பக்கத்தில் சும்மா நிற்பதுபோல நிற்கத் தொடங்கிவிட்டன.

"இன்னும் ரெண்டு நாள் தேடினா, எனக்கு முதல் அவங்க கண்டுபிடிச்சிருவாங்க" என்றார். பிறகு கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நீங்க அந்தப் படத்த... அழிச்சிட்டீங்க, என்ன?"

அப்படி ஒரு கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. தன்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டுமே என்று ஒரு மனிதர் ஏங்கிக்கொண்டு இருந்தார். அழித்துவிட்டேன் என்றால் என் மானம் தப்பும், அவருடைய மரம் போய்விடும். இல்லை என்றால் வீட்டுக்காரர் முன்னாலேயே நான் கையும் களவுமாகப் பிடிபடுவேன்.

"இல்ல அண்ணன். அழிக்கல்ல. உங்களுக்குப் பொய்தான் சொன்னன்."

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. நான் மடிக்கணினியைக் கொண்டுவந்து 'கலியாணம்' என்பதைத் திறந்தேன். "ஆர்ட கலியாணம்?" என்றார் வீட்டுக்காரர். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தோணிக்காரர் திரையோடு மூக்கு முட்டக் குனிந்தார். "பனைக்கு இடப்பக்கம் என்ன கிடக்கு, பாருங்க."

பெரிதாக்கினேன். எத்தனை தடவை திறந்து பார்த்த படம்! வெளிச்சத்தைத் தாண்டி ஒரு தடவையாவது நான் பின்னால் போனதில்லை. அன்றுதான் முதல்முறையாக என் படத்தை இந்த ஊர்க்காரியாகப் பார்த்தேன். கரையோரம் கண்டல் பற்றை, அதற்கு மேலே ஒரு ஓட்டு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் உயரமான தூணில் ஒரு நீலத் தண்ணீர் டாங்கி. அதன் வலது விளிம்பு, கோபுரத்தின் இடது விளிம்பைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இத்தன வருசமும் பனையத்தான் பார்த்தன்" என்றார் அவர். "இப்பிடி ஒரு டாங்கி நிக்கிறதே எனக்குத் தெரியாது."

மறுநாள் விடியற்காலை, மற்றத் தோணிகள் இறங்குவதற்கு முன், இருவரும் போனோம். நான் அச்சுப் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மினாரா ஒட்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டாங்கி கோபுரத்தைத் தொட்டது. அவர் வீசினார். வலை அமிழ்ந்தது. அவர் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். மாட்டாமல் வந்தது, கொடுவாக்களோடு. கண் கலங்கியது எனக்குத்தான். அவருக்கு மீன் கழற்றும் வேலை இருந்தது.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். குறிகளை மாற்றி எழுதச் சொன்னார். மாற்றியிருக்கிறேன். பனை பனையில்லை, டாங்கி நீலமில்லை. யாரும் தோணி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

அன்று கரைக்கு வந்ததும் பெரிய கொடுவா ஒன்றைச் செவுளில் கயிறு கோத்து என் கையில் தந்தார். வலையை உதறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மறுகா அந்தப் படத்த அழிச்சுப்போடுங்க, என்ன?"

"ஓம் அண்ணன். இண்டைக்கே அழிச்சுப்போடுறன்."

தலையாட்டிவிட்டு நடந்தார். பூவரச மரம் வரைக்கும் போனவர், நின்று திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட கம்பியூட்டர் பெட்டி பழுதாப் போகாதுதானே?"

"கலியாணப் படமெல்லாம் ரெண்டு இடத்தில வச்சிரிக்கன் அண்ணன்" என்றேன்.