பெயர்கள் மட்டும் இடம் மாறிய நாள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், சிறிய இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. இரத்தம் எடுப்பதும் சோதிப்பதும் மற்றவர்கள். கம்ப்யூட்டரில் பதிந்து ரிப்போர்ட் அச்சடிப்பது நான். ஆட்கள் வந்த ஒழுங்கிலேயே ரிப்போர்ட்டுகள் கிடந்ததால், ஒன்றைத் தேடி எடுக்க நேரம் பிடித்தது.

"பேர் ஒழுங்கில வரச் செய்யேலாதோ?" என்று பொறுப்பாளர் மிஸ் கேட்டார்.

"ஏலும் மிஸ்" என்றேன்.

என் புரோகிராமில் மூன்று பட்டியல்கள் இருந்தன. ஒன்றில் பெயர்கள், ஒன்றில் சீனி அளவு, ஒன்றில் கொழுப்பு. ஐந்தாவது பெயருக்கு ஐந்தாவது சீனி அளவு. அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது அந்த எண் மட்டுமே. அடுத்தடுத்த இரண்டு பெயர்களை ஒப்பிட்டு, தேவைப்பட்டால் இடம் மாற்றும்படி எழுதினேன். திரையில் பெயர்கள் அழகாக வரிசைப்பட்டன. நான் பெயர்களைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை பத்தரை மணியளவில், பக்கத்து ஒழுங்கை அன்ரி ஒருவர் ரிப்போர்ட்டுடன் திரும்பி வந்தார்.

"பிள்ளை, பதினைஞ்சு வருசமா சீனிக்குக் குளிசை போடுறன். எனக்குச் சீனியே இல்லையெண்டு கிடக்கு!"

அவர் சிரித்தார். நான் அளவுகளைக் கையால் குறித்துவைக்கும் பதிவுக் கொப்பியை எடுத்து ஒப்பிட்டேன். பெயர்கள் இடம் மாறியிருந்தன. அளவுகள் பழைய இடத்திலேயே நின்றன. எல்லோருக்கும் வேறு யாரோ ஒருவருடைய இரத்தம்.

அதற்குள் இன்னும் ஏழு ரிப்போர்ட்டுகள் ஆட்களின் கைக்குப் போயிருந்தன. ஆறு பேருக்கு மிஸ்ஸே டெலிபோன் எடுத்தார். ஏழாவது ஆளுக்கு டெலிபோன் இல்லை. கொட்டாஞ்சேனை முகவரி மட்டும். மிஸ் ஒன்றும் ஏசவில்லை. பதிவுக் கொப்பியைப் பார்த்துச் சரியான ரிப்போர்ட்டைக் கையால் எழுதி, முத்திரை குத்தி, "நீயே கொண்டுபோய்க் குடு" என்றார்.

புறக்கோட்டை பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. பஸ் நின்ற ஒவ்வொரு ஹோல்ட்டிலும் கதவுப் பக்கம் போனேன். "இஸ்ஸரஹாட்ட யன்ன, மிஸ்" என்று முன்னுக்குப் போகச் சொல்லி கொண்டக்டர் இரண்டு தரம் உள்ளே அனுப்பினான். புறக்கோட்டையில் பஸ் மாறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி, முகவரியை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது ஒரு மணி கடந்துவிட்டது.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். உள்ளே பாயில் அவளுடைய கணவன் சுவரைப் பார்த்துக் கிடந்தான். துறைமுகத்தில் நாட்கூலி என்றாள். கப்பலில் சமையல் வேலை ஒன்று கிடைத்து, அதற்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் மெடிக்கல் கேட்டிருந்தார்கள். சீனி கூட என்ற ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஏஜென்சிப் பக்கமே போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அது உங்கட ரிப்போர்ட் இல்லை. என்ர பிழை. உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை" என்றேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு ஒரே பாய்ச்சலில் சேர்ட்டை எடுத்தான்.

"மூணு மணிக்குள்ள பேப்பர் குடுக்கணும். மிஸ்ஸும் வாங்க, நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க." திரீவீலர் பிடிக்க வெளியே ஓடினான்.

மன்னிப்புக் கேட்க நான் திரும்பினேன். அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"காலையில இவர் அழுதாரு. நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன், மிஸ். வருத்தக்காரனா இருந்தாலும் வீட்டோட இருப்பாரேன்னு." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க நாளைக்கு வந்திருக்கலாம்."

வெளியே திரீவீலர் ஹோர்ன் அடித்தது. நான் போய் ஏறினேன்.

ஏஜென்சிக் கிளார்க் கையால் எழுதிய ரிப்போர்ட்டை முதலில் ஏற்கவில்லை. எங்கள் மிஸ்ஸுக்கு டெலிபோன் எடுத்துச் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தான். கடைசியில் "ஹரி" என்று சம்மதித்துப் பேப்பரை வாங்கிக்கொண்டான். அவள் கணவன் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னான். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அன்று பின்னேரமே புரோகிராமைத் திருத்தினேன். பெயர் நகரும் அதே இடத்தில் சீனியும் கொழுப்பும் சேர்ந்து நகர இன்னும் சில வரிகள். ஐந்து நிமிட வேலை. மிஸ் பார்த்துவிட்டு, இனி ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கொப்பியோடு ஒப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றார். அங்கே இருந்த காலம் முழுக்க அப்படியே செய்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவன் கப்பலேறிவிட்டதாக ஏஜென்சியில் சொன்னார்கள். அதன் பிறகு அவளைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போகவென்று இரண்டு முறை புறக்கோட்டை வரை போனேன். இரண்டு முறையும் பஸ் மாறாமல் திரும்பிவிட்டேன்.