ஆறு ஊசிப் பிளக்கின் உள்பக்கம்

தெருவில் அவளுக்கு அரை இஞ்ச் அக்கா என்று பெயர். யார் துணி தைக்கக் கொடுத்தாலும், "அரை இஞ்ச் உள்ள விட்டிருக்கேன், உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்" என்பாள். இருபத்தாறு வருடத் தையல். தொழிலுக்கு வந்த புதிதில், துணியின் நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்று பார்க்காமல் பன்னிரண்டு சட்டைகளுக்கும் இடது கையாகவே வெட்டித் தள்ளியவள். அன்றுமுதல் எதையும் புரட்டிப் பார்க்காமல் தொடமாட்டாள். சோப்பைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் குளிக்கிறாள் என்பார் வீட்டுக்காரர்.

விமானப் பைத்தியம் கொழுந்தனிடமிருந்து தொற்றியது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறானால் மைதானத்துக்குப் போய் ரிமோட்டில் குட்டி விமானம் ஓட்டுவான். ஒருநாள் இறக்கைக்குப் பட்டுத்துணி இழுத்து ஒட்டத் தெரியாமல், சுருக்கம் சுருக்கமாக்கிக்கொண்டு அண்ணியிடம் ஓடிவந்தான். சரிசெய்து கொடுத்த கையோடு, "எனக்கும் ஒண்ணு செஞ்சுக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். பதினோரு மாதமாயிற்று. மஞ்சள் இறக்கையோடு தையல் மிஷின் பக்கத்தில் நிற்கிறது அந்த விமானம். இன்னும் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை.

காரணம் மைதானத்துச் சட்டம். புதியவர் தனியாக ஓட்டக் கூடாது. பழக்குகிறவர் கையில் ஒரு ரிமோட், பழகுகிறவர் கையில் ஒரு ரிமோட், நடுவே ஒரு கேபிள். பழக்குகிறவர் தன் ரிமோட்டில் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் மற்றவர் சொன்னபடி கேட்கும். விரலை எடுத்தால் அவரிடமே திரும்பிவிடும். அங்கே பழக்கிவிட அனுமதி பெற்றவன் கொழுந்தன் ஒருவன்தான். அவனோ திங்கட்கிழமை இரண்டு வருட வேலைக்கு வெளியூர் கிளம்புகிறான். மிச்சமிருப்பது ஒரே ஒரு ஞாயிறு.

ரிமோட் இரண்டுக்கும் நாற்பது வயது. வேறு வேறு கம்பெனி, இரண்டையும் மூடியாகிவிட்டது. கேபிள் கடையில் எங்கே கிடைக்கும்? இத்தனை மாதம் தேடியும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் கொழுந்தன் வெட்டுமேசையில் உட்கார்ந்து, பழைய கையேடுகளின் படத்தைப் பார்த்து, கேபிளின் இரு முனையிலும் ஆறு ஊசிப் பிளக் வைத்து, ஈயம் உருக்கிக் கம்பிகளைச் சாலிடர் வைத்தான். கம்பிகள் தொடுகின்றனவா என்று மீட்டரில் சோதித்தான். கீச்சென்று கத்தியது. அக்காவுக்கு அப்போதே கை பரபரத்தது.

கேபிளைச் செருகி, அவன் சுவிட்சை அழுத்திப் பிடித்தான். அவள் தன் ரிமோட்டின் குச்சியை ஆட்டினாள். விமானத்தின் வால் அசையவே இல்லை.

"மீட்டருக்குத் தெரிஞ்சது ரிமோட்டுக்குத் தெரியலையே!" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணே, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. கம்பியெல்லாம் சரியா தொடுது."

கம்பி தொடுகிறதென்று மீட்டர் சொல்லும். தொட வேண்டிய இடம் அதுதானா என்று அதற்கு எப்படித் தெரியும்? அக்கா இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிளக்கை எடுத்து முன்னால் பார்த்தாள், புரட்டிப் பின்னால் பார்த்தாள். சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"தம்பி! இந்தப் படத்துல வெறும் வட்டமா இருக்கே, இது ரிமோட்ல இருக்கிற ஓட்டை. இன்னொண்ணுல கறுப்புப் புள்ளி. இது பிளக்கோட ஊசி. ஊசி முனை தெரியணும்னா முன்னாலேர்ந்துதானே பார்க்கணும்? நீ சாலிடர் வச்சது பின்னால!"

கொழுந்தன் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல பக்கத்துப் படத்தைப் பார்த்து உள்பக்கம் தைச்சிருக்கே. வலது இடதா போச்சு. பன்னிரண்டு சட்டைக்கும் இடது கை!"

ஓட்டையை முன்னாலிருந்து பார்ப்பதும் பிளக்கைப் பின்னாலிருந்து பார்ப்பதும் ஒன்றுதான். அதனால் ஒரு முனை தானாகவே சரியாக அமைந்துவிட்டது. மற்ற முனையில் மூன்று கம்பிகளைப் பிரித்து இடம் மாற்றினார்கள். செருகினான். அழுத்தினான். அவள் குச்சியைத் தொட்டதுதான் தாமதம், வால் டக்கென்று மேலே எழும்பியது. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரர் தானும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நின்றார்.

ஞாயிறு காலை அவன் விமானத்தை மேலே ஏற்றிக்கொண்டு போய், "அண்ணி, இப்ப உங்க கையில" என்றான். மஞ்சள் இறக்கை ஒருபக்கம் சரிந்தது. அவள் பதறி, குச்சியைத் துளி நகர்த்தினாள். நிமிர்ந்தது. வலது, இடது, ஒரு முழு வட்டம், அடுத்த வட்டம். ஏழு நிமிடம் கழித்து அவன் இறக்கினான்.

அத்தனை சந்தோஷத்திலும் ஒரு சந்தேகம் அவளைக் குடைந்தது.

"உண்மையைச் சொல்லு தம்பி. நடுவுல எத்தனை தடவை சுவிட்சை விட்டே? பாதி நீதானே ஓட்டினே?"

அவன் ஆள்காட்டி விரலை நீட்டினான். சுவிட்சின் அச்சு ஆழமாகப் பதிந்து, விரல் வெளுத்துப் போயிருந்தது.

அக்கா அந்தக் கையைப் பிடித்து, வழக்கம்போல இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

"அப்போ நான்தான்!" என்றாள். "முழுக்க நான்தான்!"