வாடகை வீட்டுக்கு ஒரு பாய்லர்

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் கெட்டுப்போன பிறகுதான் எங்கள் வீட்டில் வெந்நீருக்கு அவசியம் வந்தது. அதுவரை அவர் ஆற்றில்தான் குளிப்பார். வீடு அம்பாசமுத்திரத்தில், தெருமுனை திரும்பி வயல் வரப்பில் இறங்கினால் தாமிரபரணி. பஸ் கண்டக்டர் வேலை. முதல் வண்டிக்குப் போகிற நாட்களில்கூட ஆற்றில் முங்கி எழுந்துவிட்டுத்தான் காக்கிச் சட்டையைப் போடுவார். என் கல்யாணச் சீரில் வந்த செம்பு பாய்லர் குளியலறை மூலையில் வருடக்கணக்காகச் சும்மா நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரைக்குப் போய்ப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தோம். ஊசி ஏற்றிய கை வீங்கிவிடும். திரும்பி வரும் வழியெல்லாம் வாந்தி. ஒரு நாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடி, "போதும்ட்டி, இனி வரமாட்டேன்" என்றார். டாக்டரிடம் சொன்னேன். அவர் எப்படியாவது அழைத்து வாருங்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அவர் விருப்பப்படி விடுங்கம்மா" என்றார்.

அதன் பிறகு அரிப்பு தொடங்கியது. தோல் முழுக்க உள்ளேயிருந்து அரிக்கும். சொறிந்து சொறிந்து முதுகு புண்ணாகிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் மட்டும் கொஞ்சம் அடங்கும், அந்த அசதியில் சிறிது நேரம் தூங்குவார். அதனால் பாய்லரைத் துலக்கி, நடுக்குழாயில் சிரட்டையும் கரியும் போட்டு காலையும் மாலையும் பற்றவைத்தேன். குடிக்க வாய் நனைகிற அளவுதான் தண்ணீர் தரலாம். ஊற்றிக்கொள்ளவாவது தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நெருப்பு பிடிக்கவே இல்லை. ஊதிப் பார்த்தேன். புஸ்ஸென்று அணைந்து புகைதான் வந்தது. குனிந்து பார்த்தால் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சாம்பலெல்லாம் சேறாகிக் கிடந்தது. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு முக்காலியில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். அன்று அடுப்பில் பானை வைத்துக் குளிப்பாட்டினேன்.

கடைத்தெருவில் ஓட்டைப் பாத்திரங்களைப் பற்றவைத்து அடைக்கிறவர் ஒருவர் இருந்தார். வந்து பார்த்தார். குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினார்.

"ஓட்டையை அடைச்சிரலாம்க்கா. ஆனா செம்பு தேஞ்சு போச்சு. இங்கன அடைச்சா அங்கன விட்டுரும்."

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"அத எப்படிக்கா சொல்ல? தாங்குத வரைக்கும் தாங்கும். பேசாம புதுசு வாங்கிருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தனார் ஏரலிலிருந்து வந்திருந்தார். அவரும் அதையேதான் சொன்னார். "இன்னும் என்ன மைனி கரியும் புகையும்? கரண்டு ஹீட்டர் ஒண்ணு மாட்டிருவோம். சுவிட்சப் போட்டா சுடுதண்ணி. நான் ஏற்பாடு பண்ணுதேன்."

கட்டிலில் கிடந்த என் கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "லே, அதெல்லாம் வேண்டாம். அடைக்கச் சொல்லு, போதும்."

"ஏண்ணே, புதுசு வாங்கினா காலத்துக்கும் இருக்குமே?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கொழுந்தனார் என் முகத்தைப் பார்த்தார். தான் சொன்னது என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பிடிவாதம் வந்தது. புதியது வாங்கிவிட வேண்டும். பளபளவென்று ஒரு பாய்லர் வீட்டுக்குள் வந்து நின்றால், இந்த வீட்டில் இன்னும் பல காலம் ஒருவர் குளிக்கப் போகிறார் என்று ஆகிவிடாதா? பைத்தியக்கார நினைப்புதான். பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குத் துணையாக வைத்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். அந்த வண்டிக் கண்டக்டர் அவரோடு வேலை பார்த்தவர். "அண்ணன் எப்படி இருக்காக? எப்ப டூட்டிக்கு வருதாக?" என்று கேட்டார். தை பிறந்ததும் வருவாக என்றேன்.

டவுணில் தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை. கடைக்கார அண்ணாச்சி நாலைந்து பாய்லர்களை வரிசையாக இறக்கி வைத்தார். ஒன்றை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

"சத்தத்தக் கேளுங்க. கனத்த தகடு. உங்க பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது என்னை வருத்தவில்லை. அந்தக் கனத்த தகடுதான் வருத்தியது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். இது எங்கள் குளியலறையில் நிற்கும். அவர் இருக்க மாட்டார். ஆனால் இதற்கு ஒன்றும் ஆகாது. என் வாயிலிருந்து, நான் யோசிக்காமலே, இந்த வார்த்தைகள் வந்தன:

"இவ்வளவு கனம் வேண்டாம் அண்ணாச்சி. பொங்கல் வரைக்கும் தாங்கினா போதும். அப்படி ஏதும் இருக்கா?"

அவர் சிரித்தார். "வாடகை வீடா? காலி பண்ணப் போறீகளா?"

"ஆமா" என்றேன்.

"அப்ப எதுக்கு வீணா வாங்குதீக? பழசையே பத்தவச்சு ஓட்டுங்க. புது வீட்டுக்குப் போகையில வாங்கிக்கிடலாம். நம்ம கடைக்கே வாங்க, என்ன?"

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். சேரன்மகாதேவி தாண்டும்வரை யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் என் கைகளைப் பார்த்தார்.

"வாங்கலையா?"

"பாத்தேன். ஒண்ணும் சரியில்ல."

"எந்தக் கடையிலயும் சரியில்லையா?"

நான் சமையலறைக்குப் போகத் திரும்பினேன். "ஏட்டி, இங்கன உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். வீங்கிய கையை என் மடியில் வைத்தார். "புதுசு வந்தா நான் குளிக்கையிலெல்லாம் அதையே பாக்கணும். பழசுன்னா ஒண்ணும் தோணாது. அதுக்குத்தான் சொன்னேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சரி" என்றார். எனக்காகச் சொன்ன சரி அது.

அந்த ஆளைக் கூப்பிட்டுப் பழைய பாய்லரின் ஓட்டையை அடைத்தோம். கார்த்திகை பிறப்பதற்குள் வேறோர் இடத்தில் ஒழுகியது. மறுபடி அடைத்தோம். அதுவும் விட்டபோது, நான் அந்த ஆளைக் கூப்பிடப் போகவில்லை. அதற்குள் அவரைக் குளியலறைவரை நடத்திப் போக முடியாமல் ஆகியிருந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்து, கட்டிலிலேயே துணி நனைத்துத் துடைத்துவிட்டேன். சில நாட்களில் அதையும் வேண்டாம் என்று கையசைத்தார். அரிப்பை அவர் உணரவே இல்லை. பெரும்பாலும் தூக்கந்தான்.

மார்கழி தொடக்கத்தில் போய்விட்டார். ஆண்கள் ஆற்றுக்குப் போய், அவரைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள். குடத்திலிருந்து அந்த நீரை அவர் தலையில் ஊற்றப் போகையில், "பச்சத் தண்ணியாச்சே, குளிருமே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரோ என்னைப் பின்னால் இழுத்தார்கள். தண்ணீரை ஊற்றினார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பின் கொழுந்தனார் என்னைத் தனியே விடமாட்டேன் என்று ஏரலுக்கு அழைத்துப் போக வேன் கொண்டுவந்தார். சாமான்களை ஏற்றும்போது, "மைனி, இந்தப் பாய்லர் என்ன செய்ய?" என்று கேட்டார். பழைய பாத்திரக்காரரிடம் போடச் சொன்னேன்.

அவர்கள் வீட்டுக் குளியலறையில் சுவரில் ஹீட்டர் இருந்தது. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். முதல் நாள் நான் வாளியை நிரப்பிவிட்டு வெகுநேரம் ஊற்றாமலே நின்றேன்.

"சூடு போதுமாக்கா?" என்று கதவுக்கு வெளியே ஓரகத்தி கேட்டாள்.

"போதும்" என்றேன்.